பாஸ்தாவுக்கும் உண்டு தம்!

பேரணாம்பட்டில் தோல் கம்பெனி கணக்கு எழுதிக்கொண்டு, நாலு பேராக ரூம் எடுத்துத் தங்கி, ராத்திரியில் 'பாஸ்தா' என்று எதையோ கிண்டும் பிரம்மச்சாரிகளே... கொஞ்சம் இப்படி வாங்க!

வழக்கமாக என்ன செய்கிறீர்கள்? குழைய வேகவைத்து, பச்சைத் தண்ணீரில் ஒரு அலசு அலசி, தட்டில் கொட்டி, மேலே தக்காளி ஸாஸை ஊற்றுகிறீர்கள். இடியாப்பத்துக்குப் பாயா ஊற்றிப் பழகிய கை! இடியாப்பம் அரிசி மாவு, நூல் நூலாக இடுக்கு நிறைய உள்ளது, ஊற்றினதுமே உறிஞ்சிக்கொள்ளும். பாஸ்தாவோ டியூரம் என்ற கெட்டிக் கோதுமை ரவையை இறுக்கிப் பிழிந்தது. ஸாஸ் வழுக்கிக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்துவிடும். முதலில் வெறும் மாவு, கடைசியில் வெறும் ரசம்!

இதற்காக இத்தாலி போக வேண்டாம். (அங்கேயிருந்து தோல் மெஷினே இங்கே வந்தாச்சு, அது வேற கதை.) பக்கத்துக் கல்யாண வீட்டு பிரியாணி மாஸ்டரைப் பாருங்கள். சீரக சம்பாவைத் தனியே கொதிக்கவிட்டு, முக்கால் வேக்காட்டில் வடித்து, கறி மசாலாவோடு சேர்த்துத் தம் போடுகிறாரே... மிச்சக் கால் வேக்காடு மசாலாவுக்குள்ளேதான். இத்தாலிக்காரர் வாணலியில் செய்வதும் அதேதான் ஸார்!

கணக்கு சுலபம். 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. எண்ணெய் வேண்டாம், அது சும்மா மிதக்கும்; போட்டவுடன் கிளறிவிட்டால் ஒட்டாது. பாக்கெட்டில் 10 நிமிடம் என்றிருந்தால் 8-லேயே வடித்துவிடுங்கள். அதற்கு முன் அந்தக் கொதிநீரில் ஒரு டம்ளர் எடுத்து வையுங்கள். அலசாதீர்கள், மேலே இருக்கிற மாவுதான் ஸாஸைப் பிடிக்கும்.

பக்கத்து அடுப்பில் பூண்டு, வெங்காயம், தக்காளி வதங்கிக்கொண்டிருக்கும் இல்லையா? அதில் பாஸ்தாவைப் போட்டு, கஞ்சித் தண்ணீரை ரெண்டு ரெண்டு கரண்டியாக ஊற்றிப் பிரட்டுங்கள். அந்தக் கஞ்சிதான் எண்ணெயையும் தக்காளித் தண்ணீரையும் சண்டை போடாமல் சேர்த்து வைக்கிற மாமா! ரெண்டு நிமிடத்தில் பளபளவென்று ஒட்டிக்கொள்ளும். சீஸ் இருந்தால் அடுப்பை அணைத்த பிறகு. கொஞ்சம் தளர்வாகவே இறக்குங்கள், தட்டுக்கு வருவதற்குள் இறுகிவிடும்.

ஷிப்ட் முடிந்து பத்து மணிக்கு வரும் நாலாவது ஆளுக்கு ஆறிய கட்டியை மூடி வைப்பது பாவம். ஸாஸை மட்டும் வையுங்கள். வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் பாஸ்தாவைக் கொதிநீரில் போடுங்கள். கைகால் கழுவி, லுங்கி மாற்றி வர எப்படியும் பத்து நிமிடம் ஆகும்!