எடைக்குப் போகும் பொக்கிஷம்!

தர்மபுரி,

"பழைய பேப்பர், பழைய புஸ்தகம் இருக்கா?"

தர்மபுரி, பாலக்கோடு, பென்னாகரம் என்று எந்த ஊர்த் தெருவிலும் கேட்கிற குரல்தான் இது. பரண் மேல் தூங்கிய வாரப் பத்திரிகைகள் மூட்டையாக இறங்குகின்றன. தராசில் ஏறுகின்றன. அப்புறம்? கடலைப் பொட்டலம்!

அதோடு போவது என்ன தெரியுமா? கதை அல்ல. கதை மறுபதிப்பில் கிடைத்துவிடும்.

1950-ல் 'கல்கி'யில் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' தொடரை வாரா வாரம் கிழித்து, பைண்டு செய்து வைத்த வீடுகள் ஏராளம். அப்படிச் செய்தவர்கள் அட்டையையும் விளம்பரத்தையும் கழித்துப் போட்டுவிட்டார்கள். அம்மா என்ன சோப்பு போட்டார், அப்பா எந்த ரேடியோவுக்கு ஏங்கினார், கேள்வி-பதில் பக்கத்தில் வாசகர் கேட்ட வம்பு என்ன? அத்தனையும் அந்தக் 'குப்பை'யில்தான் இருந்தது!

போர்டு எழுதியவர்

குப்பை என்று நினைக்காமல் சேர்த்த ஒருவர் செட்டிநாட்டில் இருந்தார். காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூர். பெயர் முத்தையா. விளம்பரப் போர்டு எழுதுவது தொழில். 'ரோஜா' முத்தையா என்றால்தான் தெரியும்.

பண்டிதர்கள் தொடாததை எல்லாம் இவர் தொட்டார். சினிமா பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், வார இதழ், மாத இதழ் எதையும் விடவில்லை. 1992-ல் அவர் காலமானபோது நூலும் இதழுமாக வீட்டில் இருந்தவை சுமார் 1 லட்சம்!

வாங்கியது யார்? அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம். நல்லவேளை, சரக்கு கப்பல் ஏறவில்லை. 1994-ல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் வந்தது. இப்போது தரமணியில் இருக்கிறது. நம்மூர் ஏட்டின் அருமை கடல் கடந்தவனுக்குத் தெரிந்திருக்கிறது!

பாப்பாரப்பட்டி சிவா

தர்மபுரிக்கும் இதில் பங்கு உண்டு. பாப்பாரப்பட்டியில் 1925 ஜூலை 23-ல் மறைந்த தியாகி சுப்பிரமணிய சிவா ஒரு பத்திரிகைக்காரர். சிறையிலிருந்து வந்தபின் 1913-ல் சென்னையில் 'ஞானபாநு' என்ற மாத இதழைத் தொடங்கினார். பாரதியாரின் 'சின்னச் சங்கரன் கதை' வெளிவந்தது அதில்தான். பழைய இதழை யாரும் எடுத்து வைக்காமல் இருந்திருந்தால் இந்தத் தகவல் இன்று யாருக்குத் தெரியும்?

பொடியன்கள் படித்ததும் லேசுப்பட்டதல்ல. 1972-ல் 'இரும்புக்கை மாயாவி'யோடு வந்த முத்து காமிக்ஸ் அன்று சில்லறைக் காசு. இன்று அதன் பழைய பிரதிக்கு அடிதடி! அட்டை இருந்தால் ஒரு விலை. அட்டை போயிருந்தால் பேரமே வேறு.

வீட்டில் பழசு இருந்தால் வெயில் படாமல், ஈரம் இல்லாத அலமாரியில் படுக்கை வாட்டமாக அடுக்க வேண்டும். மட்டமான காகிதம் வெளிச்சத்தில் பழுத்து, அப்பளமாக நொறுங்கும். நடுப்பக்கத்துப் பின்னைக் கழற்றிவிட்டு நூல் கோர்ப்பது நல்லது. துரு ஏறினால் முதலில் போவது நடுப்பக்கம்தான். சினிமா நட்சத்திரங்களின் கலர் படம் இருப்பதும் பெரும்பாலும் அங்கேதான்!