நரம்பும் தசையும் சந்திக்கும் இடம்

பேசுவது, நடப்பது, மூச்சை உள்ளிழுப்பது ஆகிய எல்லா அசைவுகளும் நியூரான் எனப்படும் நரம்புச் செல்கள் தசைகளுக்கு அனுப்பும் செய்தியால் நிகழ்கின்றன. உட்கருவைத் தாங்கிய செல் உடலம், பிற செல்களிடமிருந்து செய்தி பெறும் கிளைகளான டெண்ட்ரைட்டுகள், அந்தச் செய்தியைத் தொலைவுக்குக் கொண்டுசெல்லும் நீண்ட இழையான ஆக்ஸான் என மூன்று பகுதிகளைக் கொண்டது நியூரான். பாதத்தின் தசைகளை இயக்கும் நியூரானின் உடலம் முதுகெலும்புக்குள் உள்ள தண்டுவடத்தில் இருக்க, அதன் ஆக்ஸான் மட்டும் ஏறத்தாழ 1 மீட்டர் நீண்டு பாதத்தை அடைகிறது.

ஆக்ஸானில் ஓடும் செய்தி மின்சாரத் தன்மை கொண்டது. ஓய்வில் இருக்கும் நியூரானின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின்னழுத்தத்தில் இருக்கிறது. தூண்டப்பட்ட இடத்தில் செல்சவ்வின் வாயில்கள் திறந்து சோடியம் அயனிகள் உள்ளே பாய்வதால் இந்நிலை ஒரு கணம் தலைகீழாகிறது. பொட்டாசியம் அயனிகள் வெளியேறிப் பழைய நிலை திரும்புவதற்குள் அடுத்த இடம் தூண்டப்பட்டுவிடுகிறது. கணவாயின் தடித்த ஆக்ஸானை ஆராய்ந்து இதை ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் 1952-இல் விளக்கினர். ஆக்ஸானைச் சுற்றியுள்ள கொழுப்பு உறையான மையலின், செய்தியை, உறை இல்லாத இடங்களான கணுக்களில் ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவச் செய்து அதன் வேகத்தைப் பன்மடங்காக்குகிறது.

இவ்வளவு விரைந்து வரும் மின்செய்தி தசையின் வாசலில் நின்றுவிடுகிறது. ஏனெனில் நரம்பு தசையைத் தொடுவதில்லை. இரண்டுக்கும் இடையே, ஒரு மில்லிமீட்டரை 20,000 கூறுகளாக்கினால் கிடைக்கும் ஒரு கூறளவுக்கு இடைவெளி உண்டு. செய்தி வந்து சேர்ந்ததும் கால்சியம் நரம்பு முனைக்குள் நுழைய, அங்குள்ள நுண்பைகள் திறந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை அந்த இடைவெளியில் கொட்டுகின்றன. அது தசையின் மேலுள்ள ஏற்பிகளில், பூட்டில் சாவி பொருந்துவதுபோல் பொருந்த, தசையில் புதிய மின்தூண்டல் எழுந்து, ஆக்டின், மயோசின் என்னும் புரத இழைகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவித் தசை சுருங்குகிறது. பணி முடிந்த அசிட்டைல்கோலினை ஒரு நொதி உடனே சிதைத்துவிடுவதால், தசை அடுத்த கட்டளைக்கு ஆயத்தமாகிறது.

சில பாம்புகளின் நஞ்சு தாக்குவது இந்த நுண்ணிய இடத்தைத்தான். நல்ல பாம்பின் நஞ்சு தசையின் ஏற்பிகளை அடைத்துக்கொள்கிறது. கட்டுவிரியனின் நஞ்சோ நரம்பு முனையையே சிதைத்து, அசிட்டைல்கோலின் வெளிவராதபடி செய்கிறது. மூளை தெளிவாகக் கட்டளையிட்டும் தசை அதைக் கேட்காமற்போக, முதலில் இமைகள் தொங்குகின்றன. பின்னர் விழுங்க முடியாமற்போய், முடிவில் மூச்சுத் தசைகளும் அடங்குகின்றன. இந்நஞ்சை முறிக்கும் மருந்தின் தயாரிப்புக்கு, செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் நஞ்சை எடுத்து வழங்கிவருகிறது.

இரவில் தரையில் உறங்குவோரைக் கட்டுவிரியன் தீண்டும்போது வலியோ வீக்கமோ பெரும்பாலும் தெரிவதில்லை. ஆகவே வலி இல்லை என்று விடியும்வரை காத்திராமல், நஞ்சுமுறி மருந்தும் செயற்கைச் சுவாசக் கருவியும் உள்ள மருத்துவமனைக்கு உடனே செல்வதே உயிரைக் காக்கும் வழி.