ஸ்டீயரிங் கனத்தால் போதுமா?

கணினித் திரையில் கார் பந்தயம் ஓட்டுகிறவரின் நாற்காலி பெரும்பாலும் அசைவதில்லை. நிஜக் காரில் பின்சக்கரம் வழுக்கத் தொடங்கினால் இடுப்பும் உட்செவியும் உடனே சொல்லிவிடும். சிம் ரேசிங்கில் அந்தச் சேதி வராது; கண்ணும் காதும் போக மிஞ்சுவது கை மட்டுமே. டயருக்கும் சாலைக்கும் நடக்கும் இழுபறியை, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள மோட்டார் கைக்குக் கடத்துகிறது. இதுதான் ஃபோர்ஸ் ஃபீட்பேக். புதிதாக வாங்குகிறவர்களில் பலர் அதன் பலத்தை, அதாவது கெயினை, முழுதாகக் கூட்டிவிடுகிறார்கள். கனமாக இருந்தால் நிஜக் கார் போல இருக்கும் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் ஓட்டுநருக்கு மிகவும் தேவையான தகவலைப் பறிப்பதே அந்தக் கனம்தான்.

வளைவில் திரும்பும் முன்டயர், தான் பார்க்கும் திசையிலிருந்து சற்று விலகியே உருளும். இந்த விலகல்தான் சறுக்குக் கோணம். அப்போது பக்கவாட்டு விசை, டயர் சாலையைத் தொடும் பரப்பின் நடுவில் விழாமல் கொஞ்சம் பின்னால் விழுகிறது. அதனால் சக்கரத்தை நேராக்கப் பார்க்கும் முறுக்குவிசை பிறக்கிறது. கோணம் கூடக் கூட முறுக்கும் கூடும். ஆனால் பிடிமானம் உச்சத்தைத் தொடுவதற்குச் சற்று முன்பே அந்தப் பரப்பின் பின்பகுதி வழுக்கத் தொடங்கி, விசை விழும் இடம் முன்னோக்கி நகரும். முறுக்கு குறையும், ஸ்டீயரிங் இலேசாகும். இதற்கு மேல் திருப்பாதே என்று டயர் முன்கூட்டியே தரும் எச்சரிக்கை அது. வேகமான ஓட்டுநர் அந்த எல்லையை ஒட்டித்தான் ஓட்டுகிறார்.

மோட்டாருக்கு உச்சவரம்பு உண்டு. பற்சக்கரங்களால் இயங்கும் லாஜிடெக் ஜி29 ஏறத்தாழ 2 நியூட்டன் மீட்டர் தரும். மோட்டார் தண்டிலேயே ஸ்டீயரிங் பொருந்தும் டைரக்ட் டிரைவ் வகையில், ஃபனாடெக் சிஎஸ்எல் டிடி அடிப்படை நிலையில் 5 நியூட்டன் மீட்டர் தரும். விளையாட்டு கேட்கும் விசை அந்த வரம்பைத் தாண்டினால், தாண்டிய பகுதி வெட்டுப்படும். இதைக் கிளிப்பிங் என்பார்கள். திருவிழாக் குழாய் ஒலிபெருக்கியில் சத்தத்தை முழுதாக வைத்தால் பாட்டின் சொற்கள் கரகரப்பில் காணாமல் போவதும் இதே கோளாறால்தான். உச்சம் 100 என்று வைத்துக்கொள்வோம். முழுக் கெயினில் ஒரு வளைவில் 130 தேவைப்படுகிறது. டயர் எல்லையை நெருங்கும்போது அது 105 ஆகக் குறைகிறது. மோட்டாரோ இரண்டுக்கும் 100தான் தரும். எச்சரிக்கை கைக்கு எட்டாது. கெயினை 75 சதவீதமாக்கினால் அவை 97.5 என்றும் ஏறத்தாழ 79 என்றும் மாறும். இலேசாவது தெளிவாகத் தெரியும்.

பலத்தைக் குறைத்தால் உணர்வும் குறையாதா என்று கேட்கலாம். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் வேபர் எடைகளைக் கொண்டு செய்த சோதனைகளில், கை வேறுபாட்டை விகிதமாகவே உணர்கிறது என்று கண்டார். மேலே சொன்ன இரண்டு இறக்கங்களும் விகிதத்தில் ஒன்றே: ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. நிஜப் பந்தயக் கார்களின் ஸ்டீயரிங் கனமானது ஆயிற்றே என்ற வாதமும் உண்டு. இண்டிகார் பந்தயக் கார்களில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. ஃபார்முலா 1, ஜிடி3 கார்களில் உண்டு. ஆகவே நிஜத்துக்கென்று ஒரே கனம் இல்லை. பெரிய மோட்டார் வாங்கினால் தீர்ந்துவிடும் என்பது பாதி உண்மை. மெல்லிய விசைக்கும் பெரிய விசைக்கும் நடுவே இடம் விரியும். ஆனால் விளையாட்டு அனுப்பும் சமிக்ஞையே 100இல் வெட்டுப்பட்டிருந்தால், எத்தனை பெரிய மோட்டாராலும் அதை மீட்க முடியாது. கனம் வேண்டுமானால் விளையாட்டில் கெயினைக் குறைத்து, ஸ்டீயரிங்கின் சொந்த மென்பொருளில் பலத்தைக் கூட்டுவதே முறை.

அளவுக்கு மீறிக் குறைப்பதும் தவறு. பற்சக்கரம், பெல்ட் வகைகளில் உராய்வு சிறிய விசைகளை விழுங்கிவிடும். அதற்குத்தான் குறைந்தபட்ச விசை என்ற அமைப்பு. நடுவில் இருக்கும் உணர்வற்ற இடைவெளி மறையும்வரை கூட்டினால் போதும், மிஞ்சினால் ஸ்டீயரிங் நடுவில் நடுங்கும். நேர்ச்சாலையில் தானாக இடவலமாக ஆடும் டைரக்ட் டிரைவுக்குக் டேம்பிங், அதாவது அசைவைத் தணிக்கும் எதிர்ப்பு, கொஞ்சம் வேண்டும்; அதிகமானால் நுண்ணிய அசைவுகள் மழுங்கும். செயற்கையாகச் சேர்க்கும் அதிர்வுகளும் அதே 100க்குள்தான் இடம் பிடிக்கின்றன என்பதால், அவற்றை முதலில் அணைத்துவிடுவது நல்லது.

ஒரே கார், ஒரே தடம் என்று வைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஓர் அமைப்பை மட்டும் மாற்றுங்கள். அசெட்டோ கோர்சா, ஐரேசிங் ஆகிய விளையாட்டுகள் இரண்டிலும் விசையளவு காட்டும் பட்டை திரையிலேயே உண்டு. உச்சத்தில் அது சிவக்கும். ஓரக்கட்டையில் ஏறும்போதும் மோதும்போதும் கணநேரம் சிவந்தால் கவலையில்லை. நீண்ட வளைவு முழுவதும் சிவப்பாகவே நின்றால் கெயினைக் குறையுங்கள். காரை மாற்றினால் மறுபடியும் சரிபாருங்கள். முன்டயர் வழுக்கப்போவது கண்ணுக்குத் தெரியும் முன்பே கைக்குத் தெரிந்தால், உங்கள் அமைப்பு சரி.