குப்புறக் கிடக்கும் சிசு

“குழந்தையை மல்லாக்கத்தான் தூங்க வைக்க வேண்டும் என்கிறார்கள். வெண்டிலேட்டரில் இருந்த என் பேரனை மட்டும் ஏன் குப்புறப் போட்டிருந்தார்கள்?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

சிசுவின் விலாக்கூடு பெரும்பாலும் குருத்தெலும்பு. என் பாட்டி பச்சை ஓலையில் முடைந்த கூடை காய்வதற்குள் தூக்கினால் உள்வாங்கிவிடும். அதுபோல, நோயுற்ற சிசு மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குழிகிறது. குப்புறப் படுத்தால் மெத்தை முன்நெஞ்சைத் தாங்குகிறது. நுரையீரலின் பின்பகுதி மீது இதயத்தின் பாரம் குறைகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் சற்றுக் கூடுகிறது. ஆனால் இதையே மருந்தாக நம்பிவிடக் கூடாது. குழந்தைகள் வெண்டிலேட்டரில் இருக்கும் நாட்களை இது குறைக்கவில்லை என்று 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது.

என்னை வியக்க வைப்பது ஒருக்களித்துப் படுப்பதுதான். பெரியவர்களுக்கு ஒரு நுரையீரல் மட்டும் கெட்டிருந்தால், நல்லது கீழே வரும்படி படுக்க வைப்பார்கள். ரத்தம் கீழ்ப்பக்கம் அதிகம் பாயும். காற்றும் அங்கேதான் அதிகம் போகும். சிசுக்களிடம் இது தலைகீழ். நல்ல நுரையீரல் மேலே இருந்தபோதுதான் அவர்களுக்கு ஆக்சிஜன் கூடியது என்று 1983இல் லண்டன் மருத்துவர்கள் கண்டார்கள். இளகிய நெஞ்சு கீழ்ப்பக்கம் அமுங்கி, அங்குள்ள சிறு காற்றுக்குழல்கள் மூடிக்கொள்கின்றன. உடல் சிறியதென்பதால் ரத்தமும் அவ்வளவாகக் கீழிறங்குவதில்லை. எல்லாச் சிசுக்களும் அப்படியல்ல என்று பின்வந்த ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே மானிட்டரைப் பார்த்துத்தான் எந்தப் பக்கம் என்று முடிவு செய்ய வேண்டும்.

திருப்புவது லேசான வேலையல்ல. தொண்டைக்குள் உள்ள குழாய் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலும் ஆபத்து. ஒருவர் தலையையும் குழாயையும் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் உடலைத் திருப்ப வேண்டும். துணியைச் சுருட்டிச் சுற்றிலும் அணை கொடுக்க வேண்டும். கைகால்கள் மடங்கியும் காதுமடல் நசுங்காமலும் இருக்க வேண்டும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை இதையே மீண்டும் செய்ய வேண்டும். கருவி வாங்கப் பணம் ஒதுக்கும் நாம், அதனருகே நிற்கப் போதிய நர்ஸ்களை நியமிக்கத் தயங்குகிறோம். இது பெரும் தவறு. எந்த வெண்டிலேட்டரும் குழந்தையைத் திருப்பிப் படுக்க வைக்காது.

இந்தக் குப்புறப் படுக்கை, மானிட்டரும் நர்ஸும் பக்கத்தில் இருக்கும்வரைதான். தூங்கும் சிசுக்களைக் குப்புறப் போட வேண்டாம் என்று 1992இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி அறிவுறுத்தியது. அடுத்த பத்தாண்டுகளில் அங்கே தூக்கத்தில் நேரும் திடீர் சிசு மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. வீடு வந்துசேர்ந்த குழந்தையை எப்போதும் மல்லாக்கவே தூங்க வையுங்கள்.