கோடும் கணக்கும் – 7: ஏரி வறளும் நாள்

கும்மிடிப்பூண்டி வட்டத்தில் கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை ஏரிகளை இணைத்து 2020 நவம்பரில் திறக்கப்பட்ட நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு 500 மில்லியன் கனஅடி. சென்னைக் குடிநீருக்கு இது ஐந்தாவது ஏரி. ஏரி நிரம்பியிருக்கிறது, வரத்து இல்லை, தினமும் 25 மில்லியன் கனஅடி எடுக்கிறார்கள் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். நாள்கள் எக்ஸ், இருப்பு ஒய் என்றால் சமன்பாடு 25எக்ஸ் + ஒய் = 500. வகுப்பறைப் பழக்கம் அட்டவணை போடுவது: எக்ஸுக்கு 0, 1, 2 என்று கொடுத்தால் ஒய் 500, 475, 450. மூன்று புள்ளிகளும் தாளின் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஸ்கேல் இம்மி சாய்ந்தாலும் கோட்டின் மறுமுனை இரண்டு மூன்று நாள் தள்ளிப்போய்விடும். அதற்குப் பதில் எக்ஸை 0 ஆக்கினால் ஒய் 500, ஒய்யை 0 ஆக்கினால் எக்ஸ் 20. இரு அச்சுகளிலும் ஒவ்வொரு புள்ளி, நடுவே ஒரு கோடு. இந்த வெட்டுத்துண்டு முறையைக் குறுக்குவழி என்று சொல்லிக்கொடுப்பது அதைக் குறைத்து மதிப்பிடுவது. இருப்பு எவ்வளவு, எத்தனை நாள் வரும் என்று ஏரியைப் பார்த்து யாரும் கேட்கும் இரண்டு கேள்விகளுக்கும் விடை அந்த இரண்டு புள்ளிகளில்தான் இருக்கிறது.

ஏரி அப்படிச் சுத்தமாகவா வறளும், அது வெறும் தாள்புள்ளி என்பார்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்குக்கும் சேர்த்துக் கொள்ளளவு 11,257 மில்லியன் கனஅடி. 2019 ஜூனில் நான்கும் ஏறக்குறைய எக்ஸ் அச்சைத் தொட்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. இன்னொரு ஆட்சேபம் கனமானது: ஏரி நேர்க்கோட்டிலா வற்றுகிறது? நீர்மட்டத்தை அடிக்கணக்கில் குறித்தால் கோடு வளையத்தான் செய்யும். ஏரி தொட்டியல்ல, அடிக்குப் போகப்போகக் குறுகும், அதே 25-ஐ எடுத்தாலும் மட்டம் வேகமாக இறங்கும். ஒய் அச்சில் அடியை விட்டுக் கனஅடியை வைத்தது அதற்காகத்தான். வெயிலில் ஆவியாவதும், சேற்றோடு தங்கி எடுக்க முடியாமல் போவதும் கணக்கில் இல்லை என்பது உண்மை. ஆனால் இரண்டுமே கெடுவை முன்னால்தான் இழுக்கும். மழை வராதவரை 20 என்பது அதற்கு மேல் தாங்காத எல்லை.

முறை கைவிடும் இடமும் உண்டு. காலி ஏரிக்குக் கால்வாயில் தினமும் 25 வந்தால், எடுப்பும் இல்லையென்றால், ஒய் = 25எக்ஸ். இரண்டு வெட்டுத்துண்டும் ஆதிப்புள்ளியிலேயே விழுந்துவிடும். வேறொரு புள்ளி தேடியாக வேண்டும். எடுப்பும் வரத்தும் சமமானால் கோடு படுத்துக்கொள்ளும், எக்ஸ் அச்சைத் தொடவே தொடாது. குடிநீர் வாரியம் வேண்டிக்கொள்ளும் கோடு அதுவாகத்தான் இருக்கும்.

கோடையில் நாளிதழில் வரும் ஏரி நிலவரத்திலிருந்து ஒரு வார இடைவெளியில் இரண்டு எண்களை எடுத்து, கோட்டை அச்சுவரை நீட்டிப் பாருங்கள். எந்தத் தேதியில் முட்டுகிறது என்பதைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.