முகவரியில் ஒரு வரி: அன்றும் இன்றும்

வாணியம்பாடியில் அறுபதைத் தாண்டிய எவரும், ஊரை விட்டு ஓரடி நகராமலே நான்கு மாவட்டப் பெயர்களைப் பார்த்திருப்பார்கள். பிறந்தபோது வட ஆற்காடு. 1989-இல் திருவண்ணாமலை தனியே பிரிந்தபின் வட ஆற்காடு அம்பேத்கர். 1990களின் பிற்பாதியில் மாவட்டங்களிலிருந்து தலைவர்களின் பெயர்கள் எடுக்கப்பட்டபோது வேலூர். 2019 நவம்பர் 28 முதல் திருப்பத்தூர். பாலாறு அங்கேயேதான் கிடக்கிறது, 635751 என்ற பின்கோடும் மாறவில்லை. மாறிக்கொண்டே இருந்தது முகவரியில் ஒரு வரி மட்டும்.

1989-இல் அந்த வரியைத் திருத்துவது அச்சகத்து வேலை. லெட்டர் பேட், பில் புத்தகம், கவர், ரப்பர் ஸ்டாம்ப் என்று டேனரிக்கும் தோல் மண்டிக்கும் தேவையான எல்லாவற்றிலும் மாவட்டப் பெயர் இருந்தது. ஈய எழுத்துகளைக் கோர்ப்பவர் பழைய வரியைக் கழற்றிப் புதியதை அடுக்கி, ஒரு புரூஃப் எடுத்துக் காட்டுவார். ஏற்கெனவே அச்சடித்துக் கட்டிவைத்த பேடை யார் தூக்கிப் போடுவார்கள்? தீரும்வரை பேனாவால் அடித்து மேலே எழுதி ஓட்டினார்கள். அடித்தது கண்ணுக்குத் தெரிந்தது. அந்த வசதியின் அருமை அப்போது யாருக்கும் உறைத்திருக்காது.

இணையதளங்கள் வந்தபோது வேலை சுலபமாகும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் தளத்தைக் கட்டிக் கொடுத்தவர் சென்னையிலோ பெங்களூரிலோ இருந்தார். ஒரு சொல் மாற வேண்டுமென்றால் அவருக்குப் போன் போட வேண்டும். அவர் கோப்பைத் திறந்து, எச்டிஎம்எல் குறிகளுக்கு நடுவே அந்தச் சொல்லைத் தேடி மாற்றி, எஃப்டிபி வழியாக மறுபடி ஏற்ற வேண்டும். தமிழ்ப் பக்கமாக இருந்தால் இன்னொரு தொல்லை. யூனிகோடு பரவுவதற்கு முன் ஒவ்வொரு தளமும் ஒரு எழுத்துருவை நம்பியிருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும்.

பிறகு வேர்ட்பிரஸ், ஜூம்லா, துருபல் முதலான உள்ளடக்க மேலாண்மை மென்பொருள்கள் வந்தன. திருத்தும் சாவி ஒருவழியாக அலுவலகத்துக் குமாஸ்தாவின் கைக்கு வந்தது. ஆனால் திருத்த வேண்டியது கடையின் முன்வாசலில் இருக்க, சாவி போட வேண்டியிருந்தது பின்வாசலில். லாகின் செய்து, பக்கங்களின் பட்டியலில் உரியதைத் தேடி, அங்கே இருக்கும் பெட்டியில் மாற்றிச் சேமித்து, இன்னொரு ஜன்னலில் தளத்தைத் திறந்து சரியாக வந்ததா என்று பார்க்க வேண்டும். பெட்டியில் ஒரு தோற்றம், பக்கத்தில் வேறொன்று. எந்தப் பெட்டி எந்த வரிக்கு என்று தெரியாமல், கண்டுபிடித்த பிழையை அப்படியே விட்டுவிட்டவர்கள் ஏராளம்.

இன்று பக்கத்திலுள்ள அந்த வரியின் மேலேயே சொடுக்கி, அங்கேயே தட்டச்சு செய்து சேமிக்கலாம். இருந்த இடத்திலேயே திருத்துவது. இதைப் புதுமை என்று விற்கிறார்கள். ஆனால் டிம் பெர்னர்ஸ் லீ 1990-இல் எழுதிய முதல் இணைய உலாவியிலேயே படிப்பதும் திருத்துவதும் ஒரே ஜன்னலில்தான் நடந்தன. பின்னால் பரவலான உலாவிகள் படிப்பதை மட்டும் வைத்துக்கொண்டு திருத்துவதைக் கைவிட்டன. 2000-இல் மைக்ரோசாஃப்டின் உலாவி, பக்கத்தின் ஒரு பகுதியைத் திருத்தக்கூடியதாக அறிவிக்கும் வசதியைக் கொண்டுவந்தது. 2013-இல் விக்கிப்பீடியா, குறிகள் இல்லாமல் கட்டுரையைப் பார்த்தபடியே தொகுக்கும் கருவியைப் பரப்பத் தொடங்கியது. 2018 டிசம்பரில் வேர்ட்பிரஸ் தன் பழைய பெட்டியை ஒதுக்கிவிட்டு, பக்கத்தின் தோற்றத்தை ஒட்டி எழுதும் தொகுப்பிக்கு மாறியது.

இந்த வசதியை ஏற்கெனவே ஓடும் தளத்தில் சேர்ப்பவருக்கு, சொடுக்கினால் கர்சர் வருவதைச் செய்துவிடுவது பெரிய காரியமில்லை. கஷ்டம் சேமி என்று அழுத்திய பிறகுதான். இந்த வரி தரவுத்தளத்தில் எந்தப் பதிவின் எந்தப் புலத்திலிருந்து வந்தது என்று பேக்எண்டுக்கு, அதாவது தளத்தின் பின்னணி நிரலுக்கு, தெரிய வேண்டும். திருத்துகிறவருக்கு அதைத் தொட அனுமதி உண்டா என்று சர்வர் தானே பார்க்க வேண்டும். பொத்தானை மறைத்துவைப்பது பாதுகாப்பு ஆகாது. வேர்டிலிருந்து வெட்டி ஒட்டியதில் ஒட்டிக்கொண்டு வரும் அலங்காரக் குறிகளையும், ஆபத்தான நிரல் துண்டுகளையும் வடிகட்ட வேண்டும். இருவர் ஒரே நேரத்தில் கைவைத்தால் ஒருவருக்குச் சொல்ல வேண்டும். பழைய வரி அழியாமல் வரலாற்றில் நிற்க வேண்டும். பேனாவால் அடித்தது தெரிந்ததே, அந்தக் குணம் இங்கே தானாக வராது, எழுதிச் சேர்க்க வேண்டும். வாணியம்பாடி மாதிரி தமிழும் உருதுவும் புழங்கும் ஊரில் இன்னொன்றும் உண்டு. இடமிருந்து வலமும் வலமிருந்து இடமும் ஓடும் எழுத்துகள் ஒரே பத்தியில் கலந்தால் கர்சர் எங்கே நிற்கிறது என்பதே குழப்பமாகிவிடும்.

இதையெல்லாம் செய்த பிறகும் எனக்கு ஒரு குறை தீரவில்லை. கண்ணில் பட்ட வரியைத் திருத்தியதும் வேலை முடிந்தது என்ற நிம்மதி வந்துவிடுகிறது. தொடர்புப் பக்கத்தில் திருப்பத்தூர் மாவட்டம் ஆகிவிடும். ஆங்கிலப் பக்கத்தில், இறக்கிக்கொள்ள வைத்திருக்கும் பிடிஎஃப்பில், கூகுளுக்கென்று உள்ளே எழுதிவைத்த குறிப்பில் வேலூரே இருக்கும். பின்வாசலில் நுழைந்து தேடிய குமாஸ்தா, போகிற வழியில் இவற்றில் இரண்டையாவது பார்த்திருப்பார்.

துருபல் 2015-இல் வெளியிட்ட தன் எட்டாம் பதிப்பில் இருந்த இடத்திலேயே திருத்தும் வசதியைப் பெருமையோடு சேர்த்தது. 2022-இல் வந்த பத்தாம் பதிப்பில் அதை மையத்திலிருந்து எடுத்துவிட்டது. வேண்டியவர்கள் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம். வசதி கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே செய்தியைப் பத்துப் பக்கங்களில் பத்து முறை தட்டச்சு செய்து வைத்திருக்கும் தளத்தில் இது பத்தில் ஒன்றைத்தான் திருத்தும். முகவரியை ஒரே இடத்தில் வைத்து, எல்லாப் பக்கங்களும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்படி கட்டிய தளத்தில், எந்தப் பக்கத்தில் சொடுக்கித் திருத்தினாலும் எல்லாமே மாறும். அதனால் முதலில் பேக்எண்டை ஒழுங்கு செய்ய வேண்டும், சொடுக்கித் திருத்துவது அதற்குப் பிறகு.

வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் தோல், காலணித் தொழிலில் தளம் வைத்திருப்பவர்கள் இன்று ஒருமுறை தங்கள் தளத்தின் தேடல் பெட்டியில் 'வேலூர் மாவட்டம்' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் போட்டுப் பாருங்கள். எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணிக்கொண்டு, அதன் பிறகு தளம் கட்டித் தருகிறவரிடம் பேசுங்கள்.