பழுதைச் சொல்லி விற்ற லேண்ட்மாஸ்டர்

கிண்ணியாவிலோ மூதூரிலோ தம்பலகாமத்திலோ "இருசில்லு உழவு இயந்திரம்" என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். சற்று யோசித்துவிட்டு, "லேண்ட்மாஸ்டரைச் சொல்றீங்களா?" என்று திருப்பிக் கேட்பார்கள். லேண்ட்மாஸ்டர் என்பது முன்னொரு காலத்தில் பிரித்தானியாவில் இருந்து வந்த இயந்திரத்தின் வணிகப் பெயர். பிறகு ஜப்பானின் குபோட்டா வந்தது. அதன் பின் சீனத்து இயந்திரங்கள் வந்தன. பெயர் மட்டும் பழையதாகவே நிலைத்துவிட்டது.

பெயரைப் போலவே இயந்திரங்களும் இலகுவில் போவதில்லை. இருபது, முப்பது வருடம் கண்ட இயந்திரங்கள் திருகோணமலை மாவட்டத்தில் இன்னும் உழுகின்றன, நெல் ஏற்றுகின்றன, தண்ணீர் இறைக்கின்றன. அவற்றை வாங்கித் திருத்தி விற்பதும், போகத்துக்கு முன் பழுதுபார்த்துக் கொடுப்பதும்தான் எனது தொழில். இத்தொழிலில் இறங்க நினைக்கும் சகோதரர்கள் அடிக்கடி கேட்பது, "இதில் இலாபம் எங்கே இருக்கிறது?" என்ற கேள்வியை. அதற்கு நான் கொடுக்கும் பதில் ஒரு நஷ்டத்தில் இருந்து தொடங்குகிறது.

பூச்சுக்கு அடியில் இருந்த வெடிப்பு

2012ஆம் ஆண்டு பெரும்போகத்துக்குச் சற்று முன்பு, கந்தளாய்ப் பக்கமிருந்து ஒரு பழைய இயந்திரத்தை மலிவாக வாங்கினேன். எஞ்சின் நல்ல நிலையில் இருந்தது. ஆனால் கியர்ப் பெட்டியின் வார்ப்பிரும்பு உடலில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. புதிய உடல் வாங்கினால் இலாபம் போய்விடும். ஆகவே சாதாரண இரும்புக் குச்சியால் ஒட்டவைத்து, அரத்தால் தேய்த்து, மேலே சிவப்புப் பூச்சு அடித்தேன். பார்ப்பதற்குப் புதுப் பெண் போல இருந்தது.

மூதூரில் இருந்து வந்த ஓர் இளைஞர் அதை வாங்கினார். மனைவியின் நகையை அடகு வைத்து எடுத்த காசு என்று அவரே சொன்னார். "காக்கா, கியர்ப் பெட்டி நல்லமா?" என்று கேட்டார். "ஓட்டிப் பாருங்க தம்பி" என்றேன். நான் சொன்னது பொய்யல்ல. ஆனால் உண்மையும் அல்ல.

மூன்று வாரம் கூடக் கழியவில்லை. உழவு மும்முரமாக நடக்கும் நேரத்தில், வயலின் நடுவே, ஒட்டின் பக்கத்திலேயே வெடிப்பு மீண்டும் திறந்து ஒயில் முழுவதும் சேற்றில் வடிந்துவிட்டது. வார்ப்பிரும்பை முறையாகச் சூடேற்றாமல், தகுந்த நிக்கல் குச்சி பாவிக்காமல், மெதுவாக ஆறவிடாமல் ஒட்டினால் ஒட்டின் ஓரமே மறுபடி வெடிக்கும். இது எனக்குத் தெரியாத விடயமல்ல.

அவர் சண்டை பிடிக்க வரவில்லை. பட்டறை வாசலில் நின்று, "காக்கா, நீங்க அந்த ஒட்டைப் பாக்கல்லியா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இயந்திரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் கொடுத்தேன். ஆனால் அவர் இழந்த உழவு நாட்களை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அந்தக் கூலியை நம்பித்தான் அவர் நகையை மீட்க இருந்தார்.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே இருந்த ஈரத்தைக் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்ட சம்பவத்தை நாம் ஜும்ஆக்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அது தானிய வியாபாரிக்குச் சொன்னது என்றே இருந்துவிட்டேன். எனது சிவப்புப் பூச்சும் அதே ஈரத்தை மறைத்த பூச்சுத்தான் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

கைபிடியில் தொங்கும் சீட்டு

அதன் பின் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன. விற்பனைக்கு வைக்கும் ஒவ்வோர் இயந்திரத்தின் கைபிடியிலும் ஒரு சீட்டுத் தொங்கும். மாற்றிய பாகம் எது, பழையதாகவே விட்டது எது, ஒட்டிய இடம் எது, எதை அடுத்த போகத்துக்குள் மாற்ற வேண்டி வரும் என்பவை அதில் இருக்கும். ஒட்டிய இடத்துக்குப் பூச்சு அடிப்பதில்லை.

உண்மையைச் சொல்வதென்றால் முதல் வருடம் வியாபாரம் குறைந்தது. சீட்டைக் காட்டியே விலையைக் குறைக்கக் கேட்டார்கள். பக்கத்தில் சீட்டில்லாமல் பளபளப்பாக நின்ற இயந்திரங்களை வாங்கிப் போனவர்களும் உண்டு. இரண்டாம் வருடம் அவர்களில் சிலர் திருத்த வேலைக்கு என்னிடமே வந்தார்கள். மூன்றாம் வருடம் தம்பிக்கும் மருமகனுக்கும் இயந்திரம் வாங்க வந்தார்கள். மூதூர் இளைஞரும் ஒருநாள் வந்தார், சீட்டை முழுதாக வாசித்துவிட்டே வாங்கினார்.

வாங்க முன் கவனிக்க வேண்டியவை

பழைய இயந்திரத் தொழிலில் இலாபம் விற்கும்போது வருவதில்லை, வாங்கும்போதே தீர்மானமாகிறது. எனவே பின்வருவனவற்றைப் பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம்.

எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் வரும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால், ஆறிய எஞ்சின் ஸ்டார்ட் ஆகக் கஷ்டப்படுகிறது என்று சந்தேகிக்கலாம். புகையின் நிறத்தைக் கவனியுங்கள். கறுப்பு என்றால் காற்றுப் போதவில்லை அல்லது டீசல் கூடுதலாகப் போகிறது. பல வேளைகளில் சூடடிப்புத் தூசி நிறைந்த காற்று வடிகட்டியைக் கழுவி, அதன் ஒயிலை மாற்றினாலே சரியாகிவிடும். நீலம் என்றால் ஒயில் எரிகிறது. அங்கே ரிங், லைனர் செலவு காத்திருக்கிறது. சூடான பின்பும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் நோசிலையும் தண்ணீர்க் கசிவையும் பாருங்கள்.

எஞ்சின் ஓடும்போது தண்ணீர்த் தொட்டியில் குமிழ்கள் தொடர்ந்து வந்தால் ஹெட் காஸ்கட் போயிருக்கலாம், ஹெட் வெடித்தும் இருக்கலாம். கியர்ப் பெட்டி ஒயில் பால்தேநீர் நிறத்தில் இருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது.

வெடிப்புப் பார்க்க ஒரு மலிவான வழி உண்டு. சந்தேகமான இடத்தின் பூச்சைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவிச் சற்றுநேரம் விட்டு, நன்றாகத் துடைத்து, மேலே சோக்கைத் தேயுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் வெளியே ஊறி, சோக்கின் மேல் மயிரிழை போல ஒரு கோடு தெரியும். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடம் ஒரு போகத்தின் நஷ்டத்தைத் தடுக்கும்.

சேறும் உப்பும்

எமது பகுதிக்கென்று ஒரு பிரச்சினை இருக்கிறது. கொட்டியாரக் குடாவைச் சுற்றியுள்ள ஊர்களில் களப்புத் தண்ணீரும் உவர் கிணற்றுத் தண்ணீரும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும். அவசரத்தில் அதையே எஞ்சின் தொட்டிக்குள் ஊற்றுவார்கள். தொட்டித் தண்ணீர் ஆவியாகித்தான் இவ்வகை எஞ்சின் குளிர்கிறது. தண்ணீர் போகும், உப்பு உள்ளேயே தங்கும். நாளடைவில் லைனரின் வெளிப்பக்கம் அரித்துக் குழி விழும். லைனரின் அடி ரப்பர் வளையம் கசிந்து தண்ணீர் ஒயிலுடன் கலக்கும். மழைத் தண்ணீரை ஒரு கானில் பிடித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். செலவில்லாத பரிகாரம்.

உழவு முடிந்த அன்றே சுழல் கலப்பையின் தண்டில் சுற்றிய வைக்கோலையும் நைலோன் நூலையும் அறுத்து எடுக்க வேண்டும். அந்த நூல்தான் சீலை வெட்டிச் சேற்றுக்கு வழி திறந்துவிடுகிறது. கத்திகளின் போல்ட்டுகளை ஒவ்வொரு நாளும் இறுக்க வேண்டும். பெல்ட் மாற்றினால் சோடியாக மாற்ற வேண்டும். பழையதுடன் ஒரு புதியதைப் போட்டால் முழுப் பாரமும் புதியதிலே விழுந்து அதுவும் சீக்கிரம் போய்விடும்.

புல்வெட்டி: அடுத்த சந்தை

2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை எமக்குப் படகுப் பாதைதான். பாலம் வந்த பின் நகரத்து வேலைகளும் கைக்கெட்டின. உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் புல்தரை இருக்கிறது. அதை வெட்ட, ஏறி அமர்ந்து ஓட்டும் சிறிய இயந்திரங்களும் தள்ளிச் செல்லும் இயந்திரங்களும் இருக்கின்றன. கடற்காற்று அவற்றை விரைவில் தின்றுவிடும். திருத்த ஆள் குறைவு என்பதால் பல மூலையில் கிடக்கின்றன.

லேண்ட்மாஸ்டர் தெரிந்தவருக்கு இது கடினமல்ல. பெரும்பாலான பழுது எஞ்சினில் அல்ல, அடியில் இருக்கும் வெட்டும் தட்டில்தான். ஈரப் புல் தட்டின் உட்புறம் ஒட்டிக் காய்ந்து, உப்பையும் சேர்த்து வைத்துக்கொண்டு தகட்டை அரிக்கிறது. வெட்டிய பின் சுரண்டி, நல்ல தண்ணீரால் துடைத்து, காயவைத்து, ஒயில் தடவினால் தட்டின் ஆயுள் கூடும். அலகைத் தீட்டிய பின் நடுத் துவாரத்தை ஓர் ஆணியில் மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தில் இன்னும் சிறிது தீட்ட வேண்டும். சமநிலை இல்லாத அலகு அதிர்ந்து அதிர்ந்து பெயாரிங்கை உடைக்கும்.

வளைந்த அலகைச் சூடாக்கி நிமிர்த்திக் கொடுக்கச் சொல்வார்கள். மறுத்துவிடுங்கள். அரை மீற்றர் நீளமான அலகு நிமிடத்துக்கு 3000 முறை சுற்றினால் அதன் நுனி மணிக்கு சுமார் 280 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் உடைந்து பறக்கும் துண்டு உயிரையே எடுக்கலாம். அடியில் கை வைக்க முன் பிளக் வயரைக் கழற்றுவதையும் வேலையாட்களுக்கு முதல் பாடமாக்குங்கள்.

முதல் எங்கே முடங்குகிறது?

2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 ரூபாவைத் தாண்டியபோது, பஞ்சிகாவத்தையில் நேற்றுக் கேட்ட விலை இன்று இருக்கவில்லை. அந்நேரம் ராக்கையில் உதிரிப்பாகம் வைத்திருந்தவர் தப்பினார் என்று பலர் எண்ணுகிறார்கள். முழு உண்மை அதுவல்ல. ஓடாத பாகத்தை வாங்கி வைத்திருந்தவர் அதிலேயே முடங்கினார். சீல், பெல்ட், பெயாரிங், வடிகட்டி, நோசில், ரிங் ஆகிய அடிக்கடி போகும் பொருட்களை மட்டும் வையுங்கள். மற்றவற்றைத் தேவை வரும்போது எடுங்கள்.

இரண்டாவது முடக்கம் கடன். "சூடடிச்சதும் தாறேன் காக்கா" என்பது எமது பகுதியின் வழமை. விவசாயியை நம்பாமல் இத்தொழில் செய்ய முடியாது. ஆனால் நம்பிக்கை வேறு, எழுத்து வேறு. கடனை எழுதிக்கொள்ளும்படி அல்குர்ஆன் 2ஆம் அத்தியாயம் 282ஆம் வசனத்தில் எமக்குப் பணிக்கப்பட்டிருக்கிறது. தொகையையும் தவணையையும் ஒரு கொப்பியில் எழுதி, இருவரும் ஒப்பமிட்டு, சாட்சியும் வைத்துக்கொண்டால் உறவும் கெடாது, கணக்கும் கெடாது.

ஸக்காத்தையும் மறக்க வேண்டாம். விற்பதற்காக வைத்திருக்கும் இயந்திரமும் உதிரிப்பாகமும் வியாபாரப் பொருட்கள். நிஸாபை அடைந்து வருடம் பூர்த்தியானால் அன்றைய சந்தை விலைப்படி 2.5 வீதம் கணக்கிட வேண்டும். நாம் பாவிக்கும் ஒட்டு இயந்திரம், சாவிகள், பட்டறைக் கட்டடம் இதில் சேராது. வரவேண்டிய கடன்களை எப்படிக் கணக்கிடுவது என்பதை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது எனது பட்டறையில் இரண்டு இளைஞர்கள் பழகுகிறார்கள். அவர்களுக்கு முதலில் கொடுத்த வேலை ஸ்பானர் பிடிப்பதல்ல, சீட்டு எழுதுவது. போன வாரம் ஒருவர் கேட்டார்: "காக்கா, இந்தச் சின்னக் கசிவையும் எழுதத்தான் வேணுமா? யாருக்குத் தெரியப் போகுது?"

"எழுதுங்க தம்பி. எங்க ரெண்டு பேருக்கும் தெரியும்தானே" என்றேன். எழுதினார். அந்த இயந்திரம் மறுநாளே விற்றது. அல்ஹம்துலில்லாஹ்.